கிழிசலில் தெரிந்த பொட்டு

எம்மா, நீ கொஞ்சம் சன்னலோரமா தள்ளிக்கிடுதியா? இதை உம் பக்கத்துல சாச்சு வச்சுக்கிடுதேன். பயப்படாத, ஒடையற சாமான் இல்ல. படம்தான், பேப்பர் சுத்தியிருக்கு. எம் மடியில வச்சிருந்தா திருச்செந்தூர் போய்ச் சேருதுக்குள்ள எனக்கு நெஞ்சடைச்சிரும். மேல கம்பியில வச்சா, தலைக்கு மேல இருக்கு, தலைக்கு மேல இருக்குன்னே மனசு அடிச்சுக்கிடும். காலடியிலயும் வைக்கக் கூடாது. மனுஷ மூஞ்சில்லா.

அந்தப் பக்கமா திருப்பு. கிழிசல் எம் பக்கம் வேண்டாம். ஆங், அப்படி.

நீ என்ன வேலை பாக்குத? நர்ஸா? அப்படிச் சொல்லு! அதான் முருகன் உன்னைக் கொண்டாந்து எம் பக்கத்துல உக்கார வச்சிருக்கான். ஆஸ்பத்திரின்னா செத்தவங்களைப் பாத்துப் பழக்கம் இருக்கும். இருக்கும்லா? எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும் தாயி. இப்ப இல்ல, கொஞ்சம் கழிச்சு. மொதல்ல விஷயத்தைச் சொல்லிருதேன். கேட்டுட்டு நீ மாட்டேன்னாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.

எம் பேரு ஆவுடையம்மா. திருநெல்வேலி டவுன்ல வீடு. எம் மக மங்கைக்கு இது ஏழாம் மாசம். நாளைக்கு வளைகாப்பு, மாப்பிள்ளை வீட்டுல வச்சு. இந்தப் பையில பூரா வளையல்தான், பச்சையும் செவப்பும். அந்தத் தூக்குல மனோகரம் இருக்கு, பிடிக்கும்னா எடுத்துக்கோ. சம்மந்தியம்மா போன்ல என்ன சொன்னா தெரியுமா? "மொத வளையல் நீங்கதான் போடணும் மயினி"ன்னா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. ஏன்னு கேளு. எம் மக கல்யாணத்துல என்னை மணமேடையில ஏத்தல. எங்க அண்ணனும் மதினியும் தாரை வாத்துக் குடுத்தாவ. நான் சமையக்கட்டு வாசல்ல நின்னு எட்டிப் பாத்தேன்.

ஏன்னா நான் சாமியாரு பொஞ்சாதி. புருஷன் காவி கட்டி மடத்துல இருக்காவ. பொஞ்சாதி சுமங்கலியா இல்லையா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. நான் யாரு பேச்சையும் கேக்கல. நெத்தியைப் பாரு, எவ்வளவு பெரிசா வச்சிருக்கேன். கழுத்துல தாலி கெடக்கு. அவுக உசுரோட இருக்காவ, நான் சுமங்கலி. நேத்துக் காலையில வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

இப்பத் தெரியல எம்மா. அதான் பயம். நான் இப்ப யாருன்னே எனக்குத் தெரியல.

முழுசாச் சொல்லுதேன், கேளு. மங்கை அப்பா படம் வரையறவுக. என்ன படம்? செத்தவங்க படம். இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுத்துருதான். அப்ப எங்க வீட்டுக்குத்தான் வருவாவ. ரேசன் கார்டுல இருக்கற பொடிசுப் போட்டோவைக் கொண்டாந்து குடுத்து, பதினாறாம் நாளுக்குள்ள பெரிசா வேணும்பாவ. இவுக வரைஞ்சு குடுப்பாவ. மொதல்ல கண்ணைத்தான் போடுவாவ. மூக்கு கெடையாது, வாய் கெடையாது, கண்ணு மட்டும் பலகையில இருந்து முழிச்சுக்கிட்டு கெடக்கும். கல்யாணமாகி வந்த பொண்ணு நான். வீடு பூரா யாரு யாரோ செத்துப் போனவங்க பெயிண்டு காயட்டும்னு சாஞ்சு நிக்காவ. சோத்துப் பானையத் தொறந்தா பக்கத்துல ஒரு தாத்தா. அப்பப் புடிச்ச பயம்தான் இது, இன்னும் விடல.

ஆனா அவுக கிட்ட ஒரு முறை உண்டு. எல்லாம் முடிஞ்ச பெறவு, கடைசியிலதான் நெத்தியில குங்குமப் பொட்டு வைப்பாவ. செத்தவங்களுக்கு மட்டும்தான் வைப்பாவ. உசுரோட இருக்கற பண்ணையாரு ஒருத்தரு, "எனக்கும் சேத்து வச்சிரும் வே, வீட்டுல மாட்டத்தானே போறோம்"னு சொல்லியும் மாட்டேன்னுட்டாவ. "பொட்டு வச்சா ஆளு முடிஞ்சாச்சுன்னு அர்த்தம். எங்கையால வைக்க மாட்டேன்"னாவ. அதுல அவ்வளவு கண்டிப்பு.

அந்த ஆளு எப்படிச் சாமியாரு ஆனாவன்னா, மடத்துல பெரிய சாமியைப் படம் வரையக் கூப்பிட்டாவ. மடம் பேரு சொல்ல மாட்டேன். இந்த ரோட்டுலதான் மடத்துக்குத் திரும்புற விலக்கு வருது, வந்தா நீயே பாப்ப. அது உசுரோட இருக்கற மனுஷர் படம், பொட்டு இல்லாத படம். ஆசையாப் போனாவ. படம் முடிஞ்சுது, ஆளு திரும்பல. மங்கை பெரியவளாகி சடங்கு முடிஞ்ச மறுமாசம் இது. அங்க சுவத்துல அறுபத்துமூவரையும் வரையணும், இங்கயே இருந்துருதேன்னு சொல்லியனுப்பிட்டாவ.

பெரிய சாமி என்னைக் கூப்பிட்டுவிட்டாவ. நல்ல மனுஷர், குத்தம் சொல்லக் கூடாது. "அம்மா சம்மதிச்சாத்தான் நான் காவி குடுப்பேன்"னாவ. இவுக தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்காவ. எனக்கு வந்துதே கோவம்! "இத்தனை நாளா செத்தவங்க மூஞ்சியா வரைஞ்சாவ. இனிமே சாமி மூஞ்சியா வரையட்டும். எம் மூஞ்சிய ஒரு நாளாவது வரைஞ்சிருக்காவளான்னு கேளுங்க. தாராளமா வச்சுக்கிடுங்க சாமி"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு வந்துட்டேன். சந்தோசமாத்தான் விட்டேன். அழல. மனசுல ஒண்ணுமே வச்சுக்கிடல. அவுகளைப் பத்தி நான் நெனைக்கறதே கெடையாது, பாத்துக்கோ.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு ஆறல. கடைசியா சாமான் எடுக்க வந்தாவ பாரு, அன்னைக்கு எம் முகம் பாக்குற கண்ணாடிய எடுத்துட்டுப் போயிட்டாவ. நீலப் பிளாஸ்டிக் சட்டம் போட்டது. மங்கை தவழுற வயசுல தட்டிவிட்டு மூலை ஒடைஞ்சிருந்துது. அதுக்கு என்ன பெரிய மதிப்பு? ஆனா நான் குளிக்கப் போறப்ப ஸ்டிக்கர் பொட்டைக் கழட்டி அதுலதான் ஒட்டுவேன். அன்னைக்கும் ஒட்டிட்டுப் போனேன். குளிச்சுட்டு வந்து பாத்தா ஆளும் இல்ல, கண்ணாடியும் இல்ல, பொட்டும் இல்ல. ஈரத் தலையோட வெறும் நெத்தியா நிக்கேன். போற மனுஷன் அப்படியா விட்டுட்டுப் போவாவ? மொட்டை அடிச்சுக்கிடப் போற ஆளுக்குக் கண்ணாடி எதுக்குங்கேன்? தலை வாரவா? அன்னைக்கு விட்ட ஸ்டிக்கர் பொட்டுதான். அதுல இருந்து குங்குமம்தான் வைக்கேன்.

ஒரே ஒரு தடவை போய்ப் பாத்தேன், மங்கை கல்யாணப் பத்திரிகையோட. சாமின்னு கீழ விழுந்து கும்பிட்டேன். கட்டின புருஷனை சாமின்னு கூப்பிட வாய் வருமா? கூப்பிட்டேன். துண்ணூறு குடுத்தாவ. எம் மூஞ்சியைப் பாக்கல. நெத்தியையே பாத்துக்கிட்டு நின்னாவ. அவ்வளவுதான், அதுக்குப் பெறவு போகல.

இரு, போன் அடிக்குது. செண்பகம். எதுத்த வீட்டுக்காரி. அடிக்கட்டும், எடுக்க மாட்டேன். காலையில பஸ்ஸு ஏறினதுல இருந்து இது எத்தனையாவது தடவையோ. எடுக்க மாட்டேம்மா. எடுத்தா சொல்லிருவாளே! நான் கெளம்பி வந்த பெறவு மடத்துல இருந்து ஆளு துஷ்டி சொல்ல வந்திருக்கும். வீடு பூட்டிக் கெடக்கவும் அவகிட்டச் சொல்லியிருப்பாவ. அவ "ஏக்கா, போயிட்டாவளாம்க்கா"ன்னு ஒப்பாரி வைப்பா. பஸ்ஸுல வச்சு நான் என்ன செய்வேன் சொல்லு. வளையல் பையை வச்சுக்கிட்டு?

நேத்துக் காலையில நடந்ததைச் சொல்லுதேன். மனோகரத்துக்குப் பாகு காச்சிக்கிட்டு இருக்கேன். வாசல்ல கார் வந்து நிக்குது. மடத்து டிரைவர், பட்டை போட்டுக்கிட்டு. கையில இந்தப் பார்சல், அக்குள்ள ஒரு துணிப்பை. "சாமி தன்னைத்தானே வரைஞ்ச படம்மா. உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாவ"ன்னான். ரெண்டையும் வாங்குதேன், வாசக்கதவு கொண்டி மாட்டி படத்துப் பேப்பர் கிழிஞ்சுது. கிழிஞ்ச எடத்துல என்ன தெரிஞ்சுது தெரியுமா?

செவப்பா ஒரு பொட்டு.

அவன் வாயத் தொறந்து "சாமி..."ன்னான். "ஒண்ணும் சொல்லாதீரும்! ஒரு வார்த்தை சொல்லாதீரும்!"னு கத்திட்டு கதவைச் சாத்திட்டேன். வெளிய கொஞ்ச நேரம் நின்னான். ஒரு தடவை தட்டினான். நான் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு சுவத்தோட சுவரா உக்காந்துட்டேன். பெறவு கார் போற சத்தம் கேட்டுது. உள்ள பாகு கருகிட்டு. திரும்பக் காச்சினது இது.

துணிப்பையைத் தொறந்து பாத்தேன், அந்தத் தைரியம் எப்படித்தான் வந்துதோ. அவுக பிரஷ்ஷு எல்லாம் கட்டி இருக்கு. அடியில ரெண்டு வேட்டி. வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாம. காவி கட்டற மனுஷனுக்கு வெள்ளை வேட்டி எதுக்கு? கோடிக்குத்தான். மேல போத்த எடுத்ததுல மிச்சம் வந்திருக்கும், வீட்டுக்கு அனுப்பிட்டாவ. இப்படித்தானே செத்தவங்க சாமானை மூட்டை கட்டிக் குடுப்பாவ? உங்க ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தானே?

நீ கேக்க வாறது புரியுது. செத்த ஆளு எப்படித் தனக்குத்தானே பொட்டு வைப்பாவன்னுதானே? நானும் ராத்திரி பூரா அதைத்தான் போட்டு உழட்டினேன். போகப் போறோம்னு அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு. மடத்துல அன்னந்தண்ணி இல்லாமக் கெடந்து போற சாமிங்க உண்டாம், சொல்லுவாவ. கடைசியா தன்னை வரைஞ்சு, நமக்கு யாரு இருக்கா வைக்கன்னு தன் கையாலயே பொட்டையும் வச்சுட்டு... வேண்டாம், சொல்லவே பயமா இருக்கு. எனக்கு ஒரு சொல் சொல்லிவிட்டிருக்கலாம்லா? நான் என்ன அப்படியா பகை?

படத்தை வீட்டுல விட்டுட்டு வர முடியல. சுவத்தைப் பாக்கத் திருப்பி வச்சேன். அடுப்படிக்குப் போனா முதுகுப் பக்கம் யாரோ உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. அதான் தூக்கிட்டு வந்துட்டேன். வளைகாப்பு முடியவும் கடல்ல விட்டுருவோம்னு நெனைச்சேன். அது வரைக்கும் பிரிச்சுப் பாக்கப்புடாது, போன் எடுக்கப்புடாது, மடத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்கப்புடாது. தெரியாம இருக்கற வரைக்கும் நான் சுமங்கலிதானே? யாரு என்ன சொல்ல முடியும்? சாமியாரு போனா நமக்குத் தீட்டுக் கெடையாது, குளிச்சாப் போதும்ங்காவ. தாலிக்கு என்ன கணக்குன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல.

அப்படித்தான் நெனைச்சு பஸ்ஸு ஏறினேன். ஏறின பெறவு பயம் வேற எடத்துல போய் உக்காந்துட்டு. எனக்கு வந்தா வரட்டும். மங்கைக்கு? வயித்துல பிள்ளை இருக்கு. தாலி இல்லாதவ ஆகிப்போன கையால, தெரிஞ்சே ஒளிச்சு வச்சு, நான் போயி மொத வளையலை மாட்டிவிட்டு, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா? சிரிக்காத. நீ படிச்ச பொண்ணு, உனக்கு இதெல்லாம் கிறுக்கா இருக்கும். மாட்டலன்னா மங்கை மூஞ்சி சுண்டிப்போகும். "அம்மா, இந்தத் தடவையும் சமையக்கட்டுலயே நின்னுக்கிட்டியா"ன்னு கேப்பா. மாட்டினா இது. நான் என்ன செய்ய, சொல்லு?

அதான் உங்கிட்டக் கேக்கேன். நீ அந்தப் பேப்பரைப் பிரிச்சுப் பாரு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன். நெத்தியில பொட்டு இருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்லு. கிழிசல்ல தெரிஞ்சது பெயிண்டுக் கறையாக்கூட இருக்கும்லா? இருக்குன்னா இருக்குன்னு சொல்லிரு. வளையலை எங்க மதினி கையில குடுத்துட்டு நான் பாட்டுக்கு ஓரமா நின்னுக்கிடுதேன். பழகினதுதானே.

இந்தா, விலக்கு வந்துட்டு. மடத்து வளைவு தெரியுதா? நான் பாக்கல. யாராவது ஏறுதாவளா? காவி கட்டின ஆளு யாரும் இல்லையே? கண்டக்டரு தம்பி, விசிலைக் குடுப்பா, ஏன் நிப்பாட்டியே வச்சிருக்க!

ஆங், போயாச்சு. பிரிச்சுட்டியா? மெதுவா, கிழிக்காத.

சொல்லு. ம். மொட்டைத் தலையா? முடி லேசா முளைச்சிருக்கா, நரையா? வயசாயிட்டு அவுகளுக்கும். கண்ணு? கலங்கின மாதிரியா? அது அவுகளுக்கு எப்பவும் அப்படித்தான், பெயிண்டு நெடி. நீ பொட்டைச் சொல்லு. இருக்கா?

இருக்குதாக்கும்.

சரி. சரி எம்மா. இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல. தண்ணி வேண்டாம். மூடிரு.

என்னது? நெத்தியில இல்லையா? பெறவு எங்க இருக்கு? பொட்டுன்னா நெத்தியிலதானே இருக்கும்? மூஞ்சிக்கு வெளியவா? மேல, மூலையிலயா? அங்க போயி எதுக்குப் பொட்டு வைப்பாவ? கை தவறியிருக்குமோ? குங்குமம் மாதிரி இல்லையா, ஓரம் வெட்டின மாதிரி வட்டமா இருக்கா? சட்டமா? நான் சட்டம் ஒண்ணும் போடலியே, வந்தபடியே தூக்கிட்டு வாறேன். வரைஞ்ச சட்டமா? மூஞ்சியைச் சுத்தி நாலு பக்கமுமா?

என்ன கலரு?

கீழ ஒரு மூலை ஒடைஞ்சிருக்கா? அந்த ஒடைசலையும் வரைஞ்சிருக்காவளா?

எம்மா. என் கையைக் கொஞ்சம் புடிச்சுக்கோ.

அது கண்ணாடி. எங் கண்ணாடி. தன்னை வரையணும்னா கண்ணாடியைத்தானே பாக்கணும்? கண்ணாடியில என்ன தெரிஞ்சுதோ அத்தனையும் வரைஞ்சிருக்காவ, சவத்து மனுஷன்! ஐயோ, சவம்னு சொல்லக் கூடாது, வாய் தவறிட்டு. மேல இருக்கது எம் பொட்டும்மா. அன்னைக்கு ஒட்டிட்டுக் குளிக்கப் போனேன்லா, அது. இத்தனை வருஷமா அதைப் பிச்சுப் போடாம, மடத்துல, காவியைக் கட்டிக்கிட்டு... பெரிய சாமி கண்ணுல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? பட்டிருக்கும். அதான் படத்தையும் மூட்டையையும் அனுப்பிட்டாவளோ?

அப்ப அவுக? உசுரோட இருக்காவளா, இல்லியா? இதுல ஒண்ணும் தெரியலியே!

இந்தா, திரும்பவும் அடிக்கா. செண்பகம்தான். நீ எடுக்குதியா? வேண்டாம், குடு. நானே எடுக்கேன்.

ஏ செண்பகம். சொல்லு. துஷ்டியா? பட்டுன்னு சொல்லிரு, இழுக்காத. என்னட்டி சிரிக்க? யாரு? எந்த ஆளு? நம்ம வாசல்லயா? நெசமாவா சொல்லுத? கட்டியிருக்கது காவியா, வெள்ளையா?

வெள்ளை.

காலையில இருந்தேவா? படியிலயா? நீ என்ன கேட்ட, அவுக என்ன சொன்னாவ? டிரைவர்கிட்டச் சொல்லிவிட்டாவளா? வரலாமான்னு என்னைக் கேட்டுட்டு வரச் சொல்லியா? ஆமா, நான் கதவைச் சாத்திட்டேன். அதைப் போயி அவன் சொன்ன பெறவுமா வந்து உக்காந்திருக்காவ?

எம்மா, உசுரோடதான் இருக்காவ, காவியைக் கழட்டிட்டு வந்து உக்காந்திருக்காவ. நான் இப்ப என்னத்துக்குப் பயப்படுதேன்?

உள்ள விடாத செண்பகம். சாவியைக் குடுத்துராத. போறப்ப எஞ் சம்மதம் கேட்டாவல்ல, வாறதுக்கும் கேக்கணும், எங்கிட்ட, நேருக்கு நேரா. நான் நாளைக்கு மகளுக்கு வளையல் போட்டுட்டு நாளக்கழிச்சுத்தான் வருவேன். மொத வளையல் நான்தான் போடுதேன், அதையும் சொல்லு. வெயில் படியில அடிக்குமே, நிழலுக்கு நகந்து உக்காரச் சொல்லு. ரெண்டு இட்டிலி குடு. மிளகாப்பொடி வச்சிராத, அவுகளுக்கு ஆகாது, தேங்காச் சட்னி அரைச்சுக் குடு. போனைக் குடுக்கவா? வேண்டாம்! குடுக்காத! நான் பேச மாட்டேன், எனக்குப் பயமா இருக்கு.

என்னது? கையில என்ன வச்சிருக்காவ? துண்டுல சுத்தியா? பிரிச்சுக் காட்டச் சொல்லு. முகம் பாக்குற கண்ணாடியா?

செண்பகம், கொஞ்சம் கிட்டப் போ. அதுல பொட்டு இருக்கான்னு பாத்துச் சொல்லு.